போட்டியில்லாத ஊரில் கணக்குக் கேட்பது யார்?

‘ஊர் ஒற்றுமைக்காகப் போட்டியின்றித் தேர்ந்தெடுத்தோம்’ என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: அந்த ஒற்றுமையைப் பேசி முடித்த கூட்டத்தில் சேரியிலிருந்து எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்?

தலைவர் பதவியை ஏலம் விடும் ஊர்களில் பணம் பெரும்பாலும் கோயிலுக்குப் போகிறது. புண்ணியம்தான்! ஆனால் ஏலத்தில் போட்டதைத் தெருவிளக்கிலும் குடிநீர்க் குழாயிலும்தானே திரும்ப எடுக்க வேண்டும்? கிராம சபையில் வரவு செலவைக் கேட்கலாம் என்கிறது சட்டம். கேட்க ஆள் வேண்டுமே. தோற்ற வேட்பாளர்தான் ஊரின் சம்பளமில்லாத தணிக்கையாளர். அவரை மனுத்தாக்கலுக்கு முன்பே உட்கார வைத்துவிடுகிறார்கள்.

தனி ஊராட்சிகளில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் ஒப்புதலும் வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவருக்குக் கிடையாது. அவரை வார்டு உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வார்டுகளை ஊர்க்கூட்டமே பங்கு பிரித்துவிட்டால், தலித் தலைவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டிய இரண்டாவது கையெழுத்து ஆதிக்கச் சாதியின் சட்டைப்பையில் இருக்கும்.

குஜராத் அரசோ 2001இலிருந்து ‘சமரஸ்’ என்ற பெயரில், போட்டியின்றித் தேர்வாகும் ஊராட்சிகளுக்குப் பரிசுப் பணமே கொடுக்கிறது. மேலவளவில் 1997இல் முருகேசனை வெட்டிக் கொன்றது அவர் போட்டியிட்டு வென்றதற்காக என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் சொல்லை ஒருமுறை உச்சரித்துப் பாருங்கள்.

ஏலத்தைத் தடுக்க முடியாது என்பவர்களுக்கு: 2021 ஜனவரியில் மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையம், பதவிகளை ஏலம் விட்டதற்காக நாசிக் மாவட்டத்து உம்ரானே, நந்துர்பார் மாவட்டத்து கோண்டாமளி ஆகிய ஊராட்சிகளின் தேர்தலை ரத்து செய்தது. இங்கே ஏன் முடியாது?