முதலுதவிப் பெட்டி: வாங்குவதா, சேர்ப்பதா?

சென்ற திங்கள், செம்பூரில் வசிக்கும் நமது சங்க அன்பர் ஒருவரின் இல்லத்தில் நான்கு வயதுக் குழந்தையின் கைமீது கொதிக்கும் ரசம் சிந்திவிட்டது. கணவர் அலுவலகத்தில், அம்மையார் தனியே. வீட்டில் முதலுதவிப் பெட்டி இல்லாமலில்லை. கார் வாங்கியபோது உடன் வந்த பெட்டியை அலமாரியில் வைத்திருந்தனர். பதற்றத்துடன் திறந்தால், சிறு பிளாஸ்திரிகள் ஒரு கட்டு, கட்டுத்துணி இரண்டு சுருள், துணியைக் கடிக்க மட்டுமே தெரிந்த கத்தரிக்கோல், ஈராண்டுக்கு முன்பே காலாவதியான களிம்பு. அதற்குள் எதிர்வீட்டு மராத்திய அம்மையார் ஓடிவந்து குழந்தையின் கையைக் குழாயடியில் பிடித்தார். குழந்தை இன்று நலம். களிம்பு தேடிக் கழிந்த அந்த நிமிடங்களைத்தான் தாயால் மறக்க இயலவில்லை.

தீப்புண்ணுக்கு முதல் மருந்து எந்தப் பெட்டியிலும் இல்லை. குளிர்ந்த நீர்தான் அது. இருபது நிமிடம் ஓடும் நீரில் பிடிக்க வேண்டும். குழாயில் நீர் வராத வேளையாயின், வாளியிலிருந்து செம்பால் மொண்டு ஊற்றுக. பனிக்கட்டி, பற்பசை, மாவு, மை எதுவும் கூடாது. நாய் கடித்தாலும் அவ்வாறே: சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும்.

கடையில் விற்கும் பெட்டியை நாம் இகழவில்லை. ஒன்றுமே இல்லாத வீட்டில் அது ஒரு தொடக்கம். வண்டியில் வைக்கவும் ஏற்றது. எனினும் அதன் விலையில் பெரும்பங்கு பெட்டிக்கும் எண்ணிக்கையைப் பெருக்கும் சில்லறைப் பொருள்களுக்கும் போய்விடுகிறது. நம் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பதை அதைக் கட்டியவர் எவ்வாறு அறிவார்?

ஆதலின், இறுக மூடும் பழைய பிஸ்கோத்து டப்பா ஒன்றைக் கழுவி உலர்த்திக்கொண்டு, மருந்துக் கடைக்குச் செல்வதே நமக்கு உசிதமாகப் படுகிறது. கிருமி நீக்கிய காஸ் துணி, சுருள் துணி, சுளுக்குக்குக் கிரேப் பாண்டேஜ், ஒட்டுப் பட்டை, போவிடோன் அயோடின், இடுக்கி, ஊக்கு, வெட்டக்கூடிய கத்தரிக்கோல், டிஜிட்டல் தெர்மாமீட்டர். உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் அவசியம். 200 மில்லிக்கு ஒன்று, ஒரு லிட்டருக்கு ஒன்று என இருவகை உண்டு; உறையில் கண்ட அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். ருசிக்காகச் சர்க்கரை சேர்த்தல் தீங்கு. ஊருக்குச் செல்லும் நெடும் ரயில் பயணத்தில் இப்பொட்டலங்களின் அருமை விளங்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் வைக்கலாம்; குழந்தைக்கு எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டு உறைமேல் எழுதிவிடுக. மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். ஆஸ்பிரினும் ஐபுபுரோபனும் அப்போது ஆகா.

இனி, எந்தக் கடையிலும் கிடைக்காத பொருள் ஒன்றுண்டு. அது மூடியின் உட்புறம் ஒட்டும் ஒரு தாள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டியாருக்குச் சர்க்கரை நோயா, இரத்த அழுத்தமா, உண்ணும் மாத்திரை எது, யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பவற்றை அதில் எழுத வேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் போதாது. நாம் இல்லாத வேளையில் கதவைத் திறந்து உதவ வருபவர் மராத்தியோ இந்தியோ பேசும் அண்டை வீட்டார். பாட்டியாரோ தமிழன்றிப் பிறமொழி அறியார். ஆகவே அவர்கள் படிக்கும் மொழியிலும் எழுதுக. ஆம்புலன்சுக்கு 108, அவசர உதவிக்கு 112, ரயிலில் 139 ஆகிய எண்களும் அத்தாளில் இருக்கட்டும்.

டப்பா குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், அடுப்பின் வெக்கை படாத இடத்தில் இருத்தல் நலம். பூட்டிச் சாவியைத் தொலைக்க வேண்டாம். ஆறு திங்களுக்கு ஒருமுறை திறந்து காலாவதித் தேதிகளைப் பார்க்கும்போது கத்தரிக்கோலையும் தேடுக. அநேகமாக அது பால் உறை வெட்டச் சமையலறைக்குச் சென்றிருக்கும்.