ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கையில் செல்போனைத் திணிக்காதீர்கள்

சாந்தோம், பட்டினப்பாக்கம், மந்தைவெளி, மயிலாப்பூர் மக்களுக்கு, சாந்தோம் வட்டாரப் பெற்றோரின் வேண்டுகோள்.

நம் பகுதித் தனியார் பள்ளி ஒன்று ஆண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு அனுப்பிய சுற்றறிக்கை இந்நேரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். வரும் ஜூன் முதல் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு வீட்டுப்பாடம் முழுவதும் செயலியில்தானாம். குழந்தையே திரையைத் தொட்டு விடை சொல்ல வேண்டுமாம். முடித்தால் நட்சத்திரம் விழுமாம், முடிக்காத பிள்ளைகளின் பெயர் பெற்றோர் குழுவில் வருமாம். கீழே ‘சம்மதிக்கிறேன்’ என்று கையெழுத்திட்டு, பள்ளி திறக்கும் நாளில் கொடுத்தனுப்ப வேண்டும். வேறு சில பள்ளிகளிலும் இதே பேச்சு நடப்பதாகக் கேள்விப்படுகிறோம். அதனால்தான் ஒரு பள்ளியின் பெயரை மட்டும் எழுதாமல், எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைக் கேட்கிறோம். ஆறு வயதுக் குழந்தைக்கு வீட்டுப்பாடம் எதற்கு? ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018 மே மாதம் உத்தரவிட்டது நம் சென்னை உயர் நீதிமன்றம். நீதிபதி என்.கிருபாகரன் அளித்த உத்தரவு அது. புத்தகப்பை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும் அதில்தான் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் இந்த வீட்டுப்பாடத் தடையையே சுற்றறிக்கையாக அனுப்பியது. 2020-ஆம் ஆண்டின் பள்ளிப் பை கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. நோட்டில் கொடுக்கக் கூடாத பாடத்தைச் செல்போனில் கொடுத்தால் மட்டும் சரியாகிவிடுமா?

‘தினமும் பதினைந்து நிமிடம்தானே’ என்று பள்ளித் தரப்பில் சொல்கிறார்கள். இப்படிச் சொல்பவர்கள் எந்த வீட்டையும் எட்டிப் பார்க்கவில்லை. நொச்சிக்குப்பத்திலும் டுமிங்குப்பத்திலும் பல வீடுகளில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அது ஆட்டோ ஓட்டும் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். அவர் வீடு திரும்ப இரவு பத்து ஆகும். தூங்கும் பிள்ளையை எழுப்பி, விளக்கை அணைத்த அறையில், முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் திரையைப் பிடித்துக்கொண்டு பாடம் செய்யச் சொல்வதா? வசதியுள்ள அடுக்குமாடி வீட்டிலும் நிலைமை வேறல்ல. இதுவரை ‘போன் கிடையாது’ என்று ஒரு தாய் உறுதியாகச் சொல்ல முடிந்தது. இனி ‘மிஸ் சொன்னாங்க, ஹோம்வொர்க்’ என்று குழந்தை கை நீட்டும். பாடம் முடிந்த அடுத்த நொடி கார்ட்டூன் ஓடும். பதினைந்து நிமிடம் எங்கே போய் நிற்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

கண்ணுக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். பிறக்கும்போது குழந்தையின் விழி முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர். வளர்ந்தவருக்கு 24 மில்லிமீட்டர். இந்த வளர்ச்சி அளவோடு நிற்காமல் போனால்தான் கிட்டப்பார்வை வருகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடினாலே கண்ணாடியின் பவர் மைனஸ் இரண்டரை, மூன்று என்று ஏறிவிடும். நீண்ட விழி மறுபடி சுருங்குவதில்லை. கண்ணாடி போட்டால் கரும்பலகை தெரியும், விழி பழைய நிலைக்குத் திரும்பாது. எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறதோ அவ்வளவு உயரத்துக்குப் பவர் போய் முடியும். மைனஸ் ஆறைத் தாண்டியவர்களுக்குப் பின்னாளில் விழித்திரை விலகல், கண் அழுத்த நோய் போன்ற ஆபத்துகள் பல மடங்கு அதிகம். ஆறு வயதில் கண்ணாடி போடும் குழந்தையைப் பார்த்து ‘அழகா இருக்கு’ என்று சொல்லிவிட்டு நகரக் கூடிய விஷயமல்ல இது.

எண்களைப் பாருங்கள். 50 நாடுகளில் 54 லட்சம் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் ஒரு கணக்கு வெளியானது. 1990-இல் நூற்றுக்கு 24 பிள்ளைகளுக்கு இருந்த கிட்டப்பார்வை, 2023-இல் 36 பிள்ளைகளுக்கு. 2050-இல் 74 கோடிப் பிள்ளைகளைத் தொடும் என்கிறது அந்தக் கணக்கு. 2025 பிப்ரவரியில் வந்த இன்னொரு தொகுப்பாய்வு 45 ஆய்வுகளையும் 3,35,000-க்கு மேற்பட்டவர்களையும் எடுத்துக்கொண்டது. திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி கூடும்போதெல்லாம் கிட்டப்பார்வைக்கான வாய்ப்பு 21 சதவீதம் கூடுகிறது என்று அது சொல்கிறது. இதெல்லாம் சீனாவிலும் கொரியாவிலும்தான் என்று ஒதுக்க வேண்டாம். டெல்லியில் 5 முதல் 15 வயது வரையிலான 9,884 மாணவர்களைப் பரிசோதித்து 2015-இல் வெளியான ஆய்வில் 13.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. கொரோனாவுக்கு முன்பே, ஆன்லைன் வகுப்பு என்ற பேச்சே இல்லாத காலத்தில்!

கொரோனா காலத்தில்கூட இந்த நாடு குழந்தைகளின் கண்ணைப் பற்றி யோசித்தது. ஆன்லைன் வகுப்பு கண்ணைக் கெடுக்கும் என்று 2020 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கருத்தைக் கேட்டது நீதிமன்றம். அடுத்த மாதம் வந்த மத்திய அரசின் நெறிமுறை, எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு அரை மணிக்கு மேல் கூடாது, எட்டாம் வகுப்பு வரை 30 முதல் 45 நிமிடத்தில் இரண்டு வகுப்புகள் போதும் என்று வரம்பு கட்டியது. ஊரே அடைந்து கிடந்தபோது வேறு வழியில்லை. இப்போது வகுப்பறை இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், கரும்பலகை இருக்கிறது. என்ன அவசியம் வந்தது?

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை பெரியவர்கள் உடனிருக்க ஒரு மணி நேரம், ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணிக்குள் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. தைவானில், அளவுக்கு மீறிப் பிள்ளைகளைத் திரையில் விடும் பெற்றோருக்கு அபராதம் போட 2015-இலேயே சட்டம் திருத்தினார்கள். அதைவிட முக்கியமாக, 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் வெளியே விடும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறைபாடு அதன்பிறகு இறங்கத் தொடங்கியது. சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிட வெளி வகுப்பைக் கூட்டிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம். கூட்டாத பள்ளிகளில் 39.5. வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ் வெளிச்சம் தரும், வெளியே மரநிழலிலும் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைனைச் சுரக்க வைத்து, விழி நீளும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். உச்சி வெயிலில் நிறுத்தச் சொல்லவில்லை. காலையும் மாலையும் போதும்.

நமக்கோ கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை மணல் கிடக்கிறது. இந்தச் சென்னையில் எத்தனை பேட்டைகளுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு? அப்படியிருந்தும் நாலு மணிக்குப் பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் செல்போன். பள்ளிக்குள் இருக்கும் பி.டி. பீரியடையும் கணக்குக்கும் அறிவியலுக்கும் வாங்கிக்கொள்கிறார்கள். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே ‘பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள்’ என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். கேட்டவர்கள் எத்தனை பேர்?

பெற்றோரையும் கேட்காமல் விட முடியாது. போனைக் காட்டினால்தான் சோறு இறங்கும் என்று ஒரு வயதுக் குழந்தையைப் பழக்கியது எந்தப் பள்ளி? கடற்கரைக்குக் கூட்டிப்போய், மணலில் உட்கார வைத்து, கையில் செல்போனையும் கொடுத்து, பக்கத்தில் அமர்ந்து நீங்களும் ரீல்ஸ் பார்க்கிறீர்களே, அது யார் குற்றம்? பள்ளியை எதிர்க்கும் தகுதி வேண்டுமென்றால் வீட்டில் இதை இன்றே நிறுத்துங்கள்.

அந்தச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அதன் பின்பக்கத்தில், 2018-ஆம் ஆண்டு உத்தரவைக் குறிப்பிட்டு, ‘என் பிள்ளைக்குத் திரை வழி வீட்டுப்பாடம் வேண்டாம், அந்த நேரத்துக்கு விளையாட்டு வகுப்பு கொடுங்கள்’ என்று தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். தனியாகப் போனால் ‘உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினை’ என்பார்கள், சேர்ந்து போவோம். 2024 அக்டோபரில் ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்க மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டதே, நினைவிருக்கிறதா? ஊர் கேள்வி கேட்டது, தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது.

பள்ளி திறப்பதற்குள், ஒன்றாம் வகுப்புக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருமுறை கண் பரிசோதனை செய்துவிடுங்கள். டிவிக்கு அருகில் போய் நிற்பது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். 1819 முதல் இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் இதற்குக் காசு வாங்குவதில்லை.

பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களோடு சண்டை போடும் விருப்பம் எங்களுக்கு இல்லை. ஜூன் மாதத்துக்குள் சுற்றறிக்கை திரும்பப் பெறப்படாவிட்டால், பெற்றோர் கடிதங்கள் அத்தனையும் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரின் மேசைக்குப் போகும். அங்கேயும் பதில் இல்லையென்றால், உத்தரவு போட்ட உயர் நீதிமன்றத்துக்கே போவோம்.