புது ஆசிரியருக்கு முதல் ஆண்டை விட்டுக்கொடுங்கள்

திருவண்ணாமலை மாவட்டத்துக்கான ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் கீழ்பென்னாத்தூரில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகளும் இருக்கின்றன. தலைமையாசிரியர் ஒருவர், உதவி ஆசிரியர் ஒருவர், வகுப்புகள் ஐந்து. பல ஆண்டு காத்திருந்து பணி ஆணை வாங்கிய இளம் ஆசிரியர் அங்கே போய்ச் சேரும்போது சுவரில் ஸ்மார்ட் போர்டும் கையில் டேப்லெட்டும் தயாராக இருக்கின்றன. அவற்றை வைத்துப் பாடம் நடத்தப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள், 79,723 ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினிகள் என்று தமிழக அரசு பெரிய அளவில் செலவிட்டிருக்கிறது. இதை வரவேற்கிறோம். கிராமத்துக் குழந்தைக்கு இது கிடைத்தே தீர வேண்டும். ஆனால், கருவி மட்டும் போனால் வகுப்பறை மாறிவிடாது.

விழுப்புரம் மாவட்டம் கந்தாடு ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியை அன்னபூர்ணா, 2017இல் தன் நகைகளை விற்று வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கினார். நாடே பாராட்டியது. அவர் நகையை விற்றதைப் பேசியவர்கள், அதற்கு முன்பே அவர் ஒலிப்பு முறையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக் குழந்தைகளைப் பேசவைத்திருந்ததை அவ்வளவாகப் பேசவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஆசிரியரிடம் கருவி போய்ச் சேர்ந்தது. அதே மாவட்டத்தின் சத்தியமங்கலம் அரசுப் பள்ளி ஆசிரியர் திலீப் 2020இல் தேசிய நல்லாசிரியர் விருது பெற்றதற்குப் பின்னாலும் பல ஆண்டு வகுப்பறை அனுபவம் இருந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவரிடம் அந்த அனுபவத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

புது ஆசிரியரின் நாள் எப்படிப் போகிறது? காலையில் வருகைப் பதிவை ஆப்பில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காவிட்டால் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும். ‘எண்ணும் எழுத்தும்’ மதிப்பீடு வந்தால், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டுத் திரையில் பதிவு செய்ய வேண்டும். ஒரு குழந்தை தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது ஆசிரியரின் கண் அதன் உதட்டில் இருக்க வேண்டும். ஆனால், அந்தக் கண் போனில் இருக்கிறது. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போன நாளில் ஐந்து வகுப்பும் ஒரே அறையில், ஒரே போர்டின் முன்னால். முதல் வகுப்புக் குழந்தையும் ஐந்தாம் வகுப்புக் குழந்தையும் ஒரே காணொலியைப் பார்க்கிறார்கள். இதற்குப் பெயர் கற்பித்தல் அல்ல. குழந்தைகளை அமைதியாக உட்காரவைத்தல்.

மாணவர் விவரங்களை ஏற்றும் ‘எமிஸ்’ (கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை) வீண் வேலை என்று சொல்ல மாட்டோம். கட்டட வேலைக்குப் பெங்களூருக்குக் குடும்பத்தோடு போகும் பிள்ளைகள் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஏராளம். நடுவில் பள்ளியை விட்ட பிள்ளை எங்கே என்று தேட, ஒவ்வொரு மாணவருக்கும் எண் உள்ள அந்தப் பதிவேடு பெரிய துணை. அதில் யார் விவரம் ஏற்றுவது என்பதுதான் பிரச்சினை. இந்தப் பதிவேற்ற வேலையிலிருந்து விடுவிக்கக் கேட்டு ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடுகின்றன. எல்லோரையும் ஒரே நாளில் விடுவிக்க முடியாது என்றால், புதிதாகச் சேர்ந்தவர்களிடமிருந்தாவது தொடங்கலாம்: முதல் ஆண்டு முழுவதும் அவர்கள் கையில் எந்தப் பதிவேற்றமும் இருக்கக் கூடாது. அதற்காக அந்தச் சுமை தலைமையாசிரியர் தலையில் விழவும் கூடாது. அருகருகே உள்ள பள்ளிகளை இணைக்கும் குறுவள மையத்துக்கு ஒரு பதிவாளரை நியமிக்க வேண்டும்.

பயிற்சியின் முறையும் மாற வேண்டும். ஐம்பது பேரை ஒரு கூடத்தில் உட்காரவைத்துக் காணொலி போட்டுக்காட்டுவதோடு பயிற்சி முடிந்துவிடக் கூடாது. கீழ்பென்னாத்தூர் நிறுவனத்தின் விரிவுரையாளரும் வட்டார வள மையப் பயிற்றுநரும் புது ஆசிரியரின் வகுப்பில், மாதம் ஒரு முழு நாள் பின்வரிசையில் உட்காரட்டும். படம் காட்டியபின் எந்தக் கேள்வி கேட்பது, எந்த இடத்தில் போர்டை அணைத்துவிட்டுச் சாக்பீஸை எடுப்பது என்று கூடவே இருந்து சொல்லட்டும். குறிப்பெடுக்கும் ஆய்வாளராக அவர்கள் வரக் கூடாது.

போர்டு பழுதானால் ஒரு வாரத்தில் சரிசெய்ய ஒன்றியத்துக்கு ஒரு தொழில்நுட்பப் பணியாளர் வேண்டும். தலைமையாசிரியர் வெளியே போகும் நாளுக்கு மாற்று ஆசிரியர் வேண்டும். கருவிகளுக்குக் கோடிக்கணக்கில் ஒதுக்கிய அரசுக்கு இந்தச் செலவு பெரிதல்ல. அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும் முன் கல்வித் துறை இதற்கான ஆணையைப் பிறப்பிக்க வேண்டும்.