வலது... இடது... ஆடு!

வெள்ளிக்கிழமை ஒடுகத்தூரில் ஆட்டுச் சந்தை. மாமனாருக்கு ஒரு கிடா வாங்க மச்சினனோடு காரில் கிளம்பினேன். முதல் தப்பு அதுதான்.

“மாமா, வலது... நேரா... இடது... ஆடு! ஆடு! ஆடு!”

“ஏண்டா இப்படிக் கத்தறே?”

“நான்தான் கோ-டிரைவர். ராலியில இப்படித்தான் சொல்லுவாங்க.”

பையன் சொன்னது பொய்யில்லை. ராலியில் ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒருத்தர் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கடுமை, எங்கே மேடு என்று முன்கூட்டியே வாசித்துக்கொண்டே வருவார். (நம் வீடுகளில் அந்த வேலையை மனைவி செய்கிறாள். கோப்பைதான் கொடுப்பதில்லை!)

மச்சினனுக்கு இவ்வளவு உற்சாகம் வரக் காரணம், நான் செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஹூண்டாய் ஐ-20. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த வண்டி. அதே பெயரில் ஒரு கார் 2014-ல் உலக ராலி சாம்பியன்ஷிப்பில் இறங்கியது.

“நம்ம வண்டி மாமா!”

பெயர்தான் நம்முது. அதை உருவாக்கியது ஜெர்மனியில். 1.6 லிட்டர் டர்போ எஞ்சின், சுமார் 300 குதிரை சக்தி, நாலு சக்கரமும் இழுக்கும். என்னிடம் இருப்பது எண்பது சொச்சம் குதிரைகள். பாதி, தவணை கட்டியே களைத்துப் போனவை.

ஆனால் அந்தக் கதை ருசியானது. 2014 மெக்ஸிகோ ராலியில் தியரி நூவில் ஓட்டிய ஐ-20-க்கு ரேடியேட்டர் உடைந்தது. மனுஷன் அசரவில்லை. கையிலிருந்த பீரை அதில் ஊற்றி, வண்டியைக் கொண்டு வந்து சேர்த்து, மூன்றாம் இடம் பிடித்தார். அதே வருஷம் ஜெர்மனியில், ராலிக்கு முந்தைய சோதனை ஓட்டத்தில் திராட்சைத் தோட்டத்துக்குள் உருண்டு விழுந்தார். மெக்கானிக்குகள் ராத்திரியெல்லாம் கண்விழித்து வண்டியை நிமிர்த்தினார்கள். அந்த ராலியில் முதல் பரிசு!

இதையெல்லாம் கேட்டு எனக்கும் ரத்தம் சூடேறியது. “மலை ரோட்டைப் பார்த்துடலாம் மாமா” என்றான். ஏறினோம். தார் முடிந்தது. மச்சினன் “மேடு” என்று சொல்வதற்குள் வண்டி ஒரு கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. குறுகலான பாதை. எதிரே ஒரு ஜீப்.

உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண்.

எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஜீப்காரர் திட்டவில்லை. நாலு பேரோடு இறங்கி வந்து காரைத் தூக்கி நகர்த்தினார். “சாவி குடுங்க சார்” என்று வாங்கி, அந்தக் கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சாக ரிவர்ஸில் இறக்கி ஓரம்கட்டினார்.

“எவ்ளோ நேரத்துல கீழ போவீங்க?” என்றேன், அசட்டுத்தனமாக.

“நேரம் பாக்க முடியாது சார். குலுங்காம போவணும். அதான் கணக்கு.”

ஜீப் நகர்ந்தது. பின் சீட்டிலிருந்து அந்தப் பெண்ணின் அம்மா குரல்: “பள்ளம் வருது... மெதுவாப்பா... கல்லு...”

அசல் கோ-டிரைவர்!

சாயங்காலம் ஒடுகத்தூர் டீக்கடையில் அதே ஜீப். பக்கத்தில் போய்த் தயங்கி நின்றேன். “பொண்ணு சார். ரெண்டும் நல்லா இருக்கு” என்றார். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

திரும்பும்போது மச்சினன் வாயே திறக்கவில்லை. ஊர் எல்லை தாண்டும்போது ஒரே ஒரு தடவை, ரொம்ப மெதுவாகச் சொன்னான்:

“ஆடு.”

நின்று, வழிவிட்டுப் போனேன்.