காசின் உருவமும் அயலானின் முகமும்



நம் கடற்கரைக்குப் பழங்காசுகள் அந்நியமானவை அல்ல. பல்லவர் காசில் காளை நிற்கிறது. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய டச்சுக் கம்பெனியின் காசில் அதன் மூவெழுத்து முத்திரை இருக்கிறது.

அச்சால் அடிக்கப்படும் காசில் அச்சின் விரிசலும் பதியும். செதுக்கியவர் மாறினால் உருவமும் சற்றே மாறும். 1793 முதல் 1857 வரை வெளிவந்த அமெரிக்கப் பெரிய செப்பு சென்ட்டுகளைச் சேகரிப்போர், இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டே வகைப்படுத்துகின்றனர். இப்பொறுமையான ஆராய்ச்சியை உலகப்பற்று என்று ஒதுக்குவது நியாயமன்று. வரிக்காசைக் காட்டச் சொன்ன ஆண்டவரும், அதில் யாருடைய உருவம் இருக்கிறதென்று பார்க்கவே செய்தார்.

ஆயினும் காசு எங்கே, எவற்றோடு கிடைத்தது என்னும் செய்தி தொலைந்தால், அது சொல்லும் வரலாற்றில் பாதி அழிந்துபோகும். மண்ணில் மறைந்திருந்த புதையல் 10 ரூபாய்க்கு மேற்பட்டதாயின், கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். இதை அறியாத ஏழை ஒருவர் கண்டெடுத்ததை, அறிந்த ஒருவர் அற்ப விலைக்கு இரகசியமாய் வாங்குவது வெறும் பேரமன்று. அது இராயனுக்குரியதையும் மறைக்கிறது, அயலானுக்குரியதையும் பறிக்கிறது.

ஆகையால் சேகரிப்போர் விலை கேட்குமுன், கிடைத்த இடத்தைக் கேட்கட்டும். சட்டத்தையும் எடுத்துச் சொல்லட்டும். காசில் ஒரு மயிரிழை விரிசலையும் காணும் கண்கள், தேவசாயலைச் சுமந்து எதிரே நிற்பவரின் முகத்தைக் காணத் தவறலாகாது.

கர்த்தர் நம்மை உண்மையில் நடத்துவாராக.