பர்சென்டைல் வேறு, மார்க் வேறு

நீட் முடிவு வந்துவிட்டால் கடலூர் மாவட்டத்தில் எந்த பஸ்ஸில் ஏறினாலும் இதே பேச்சுதான். ‘ஐம்பது பர்சென்டைல் வேணுமாம்’ என்று காதில் விழுந்ததும், 720-இல் பாதி 360 மார்க் என்று பெற்றோர் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இல்லை ஐயா! தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேர் உங்கள் பிள்ளைக்குச் சமமாகவோ கீழாகவோ இருந்தால் அது ஐம்பது பர்சென்டைல். பொதுப்பிரிவுக்கு அந்தக் கோடு 2022-இல் 117 மார்க், 2023-இல் 137, 2024-இல் 162. பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தார், பழங்குடியினருக்கு 40 பர்சென்டைல் என்பதால் இன்னும் குறைவு.

இதையாவது விளக்கிவிடலாம். ‘குவாலிஃபைடு’ என்ற சொல் செய்கிற கொடுமைதான் தாங்கவில்லை. சிதம்பரத்தில் பூ கட்டி விற்கும் ஓர் அம்மா மகளுடைய தாளை நீட்டி, “குவாலிஃபைடுன்னு போட்டிருக்கே சார், நம்ம அண்ணாமலை நகர் காலேஜுலயே சீட்டு கிடைச்சிடும்ல?” என்று கேட்டார். கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கலாம் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. அரசு இடத்துக்கு அந்தக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போக வேண்டும். இதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் தெருவுக்கெல்லாம் இனிப்பு கொடுத்துவிட்டிருந்தார்.

‘கட் ஆஃப்’ இன்னொரு தலைவலி. பொறியியலுக்கு அது பிள்ளை எடுத்தது: கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200-க்கு எவ்வளவு என்பது. நீட்டில் அதே சொல் பிள்ளை தாண்ட வேண்டிய எல்லை. அண்ணன் பொறியியல், தங்கை மருத்துவம் என்றிருக்கும் வீட்டில் அப்பா என்னதான் செய்வார்?

கேள்வித்தாளைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்க முடிகிறது. முடிவை விளக்க ஒரு பக்கம் தமிழ் எழுத மட்டும் ஏன் ஆளில்லை? இந்த இடைவெளியில்தான் ‘நான் சீட்டு வாங்கித் தர்றேன்’ என்று தரகர்கள் நுழைகிறார்கள், நகை அடகுக்குப் போகிறது.

பிளஸ் டூ ஆசிரியர்களே, முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, பர்சென்டைல், கட் ஆஃப், ரேங்க் மூன்றையும் கரும்பலகையில் எழுதிப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுங்கள்.