விரிசலுக்குக் கறுப்புச் சாயமா?

கோடை வந்தா போதும், மினசோட்டாவில் நம்மாளுங்க டிரைவ்வேக்கு சீல்கோட் அடிக்கக் கிளம்பிடுவாங்க. கறுகறுன்னு இருந்தா குளிரைத் தாங்கிடுமாம்! யாருங்க சொன்னது?

தார்த்தரையை உடைக்கிறது விரிசல்ல இறங்குற தண்ணி. உறையும்போது அது 9 சதவீதம் விரியும். உருகும், மறுபடி உறையும், விரிசல் பிளந்துடும். மெல்லிசான சீல்கோட் விரிசலை அடைக்காது, மறைக்கும். அவ்ளோதான்.

போன வருஷம் கதவைத் தட்டின ஆளை நம்பி நானும் தண்டம் அழுதேன். ஏப்ரல்ல பனி உருகினதும் பழைய விரிசல் பல்லை இளிக்குது!

முதல்ல விரிசலைச் சுத்தம் பண்ணி ஃபில்லர் ஊத்துங்க. அப்புறம் அடிங்க, வருஷாவருஷம் வேண்டாம். நிலக்கரித்தார் சரக்கை யாராவது மலிவா நீட்டினா துரத்திவிடுங்க. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் அதில் ஏராளம், 2014லேர்ந்து இங்கே தடை.

சொத்தைப் பல்லுக்கு வெள்ளையடிச்சா வலி போயிடுமா சாமி?